ரத்தம் கொடுக்கும் முன்: எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் வெளிநாடு செல்வதற்கான சட்ட வழிகாட்டி

வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் பலருக்கு, வாழ்க்கையில் முதன்முறையாக எச்.ஐ.வி. பரிசோதனை நடப்பது விசாவுக்கான ‘மெடிக்கல்’ அன்றுதான். அங்கே எடுக்கப்படும் ரத்தம் அவருடைய உடல்நலத்துக்காக எடுக்கப்படுவதில்லை. அவரை உள்ளே விடலாமா வேண்டாமா என்று இன்னொரு நாடு முடிவு செய்வதற்காக எடுக்கப்படுகிறது. முடிவு பாசிட்டிவ் என்று வந்தால், அதைப் பற்றி அவருக்கு எவரும் பொறுமையாகச் சொல்வதற்குள் ‘அன்ஃபிட்’ என்ற ஒற்றைச் சொல் கணினியில் பதிவாகிவிடுகிறது. ஊரில் வாங்கிய கடன் அப்படியே நிற்கிறது. கூட வந்த சப்-ஏஜென்ட் காரணத்தை ஊகித்துவிடுகிறார். இதை முன்கூட்டியே தவிர்க்க முடியும் என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். எந்த நாட்டின் சட்டம் என்ன கேட்கிறது என்பதை ரத்தம் கொடுப்பதற்கு முன் அறிந்திருப்பவருக்கும், கொடுத்த பிறகு அறிபவருக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

உங்கள் நிலையை முதலில் நீங்கள் அறியுங்கள்

பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதோ, முகவரிடம் முதல் தவணையைக் கொடுப்பதற்கு முன்போ, அரசு மருத்துவமனையில் உள்ள நம்பிக்கை மையத்துக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அங்கே பரிசோதனை இலவசம். பரிசோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசகர் உங்களுடன் தனியாகப் பேசுவார். முடிவு உங்கள் கையில் மட்டுமே தரப்படும். அருகில் எந்த மையம் இருக்கிறது என்பதை 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அண்மையில் தொற்று ஏற்பட்டிருந்தால் சில வாரங்கள் வரை அது பரிசோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால், ஐயம் இருப்பவர்கள் மூன்று மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இலங்கையில் இருப்பவர்களுக்குத் தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் சிகிச்சை நிலையங்கள் இதே சேவையை இலவசமாகத் தருகின்றன.

இந்தியாவில் இதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 2017-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவர் விவரம் அறிந்து தரும் சம்மதம் இல்லாமல் அவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதைத் தடை செய்கிறது. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை தர வேண்டும் என்றும், முடிவை அவருடைய ஒப்புதலின்றி மற்றவருக்கு வெளியிடக் கூடாது என்றும் அது சொல்கிறது. இந்தியாவுக்குள் வேலை தருவதற்கு எச்.ஐ.வி. பரிசோதனையை நிபந்தனையாக்குவதையும் அது பாகுபாடு என்றே வரையறுக்கிறது. ஆனால் சவூதி அரேபியாவோ சிங்கப்பூரோ தன் விசாவுக்கு விதிக்கும் நிபந்தனையை இந்தியச் சட்டத்தால் நீக்க முடியாது என்பதைக் கசப்பாக இருந்தாலும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம் சட்டம் உங்களுக்குத் தருவது வேறொரு பிடி. ரத்தம் எடுப்பது சென்னையிலோ திருச்சியிலோ நடக்கிறது என்பதால், அந்தப் பரிசோதனைக் கூடம் உங்களிடம் சம்மதம் பெற வேண்டும். முடிவை உங்களிடம் சொல்ல வேண்டும். உங்கள் முகவரிடம் சொல்லக் கூடாது. மீறினால் மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அவர் 30 நாள்களுக்குள் ஆணை பிறப்பிக்க வேண்டும் என்பது சட்டம். வழக்கு நீதிமன்றம் வரை போனாலும் உங்கள் பெயரை மறைத்துப் புனைபெயரில் நடத்தும்படி கேட்க இடம் உண்டு.

விசாவின் வகைதான் முதலில் பார்க்க வேண்டியது

“எச்.ஐ.வி. இருந்தால் துபாய்க்குப் போக முடியுமா?” என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. எந்த விசாவில், எத்தனை நாள் தங்குவதற்கு, என்ன வேலைக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும். ஒரே நாடு சுற்றுலாப் பயணியிடம் எதுவும் கேட்காமல் விட்டுவிட்டு, வேலைக்கு வருபவரின் ரத்தத்தைப் பார்க்கிறது. வேறொரு நாடு வேலைக்கு வருபவரை விட்டுவிட்டு, நிரந்தரமாகக் குடியேற வருபவரின் மருத்துவச் செலவைக் கணக்கிடுகிறது. மூன்றாவது வகை நாடு எந்த நிலையிலும் கேட்பதே இல்லை.

இந்தச் சட்டங்களில் பல 1980-களின் அச்சத்தில் பிறந்தவை. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது உலகில் எங்குமே இதற்குச் சிகிச்சை இல்லை. அடுத்த ஆண்டே அமெரிக்கா எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களை உள்ளே விடக் கூடாதவர்கள் பட்டியலில் சேர்த்தது. அந்தத் தடை 2010 ஜனவரி 4 அன்றுதான் விலகியது. இன்று தினம் ஒரு மாத்திரையில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்துவிடுகிறது. அந்த நிலையில் இருப்பவரிடமிருந்து பாலுறவின் மூலம் தொற்று பரவுவதில்லை என்பதும் உறுதியாகிவிட்டது. மருத்துவம் இவ்வளவு தூரம் வந்த பிறகும், 2019-இல் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யு.என்.எய்ட்ஸ் எடுத்த கணக்கின்படி 48 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் எச்.ஐ.வி. காரணமாக ஏதாவதொரு பயணக் கட்டுப்பாட்டை வைத்திருந்தன. அவற்றில் 19 நாடுகள் தொற்றுள்ள வெளிநாட்டவரை நாடு கடத்தின. நம்மவர்கள் பெருமளவில் வேலைக்குப் போகும் நாடுகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை என்பதுதான் நமக்கு இது இவ்வளவு நெருக்கமான பிரச்சினையாக இருப்பதற்குக் காரணம்.

வளைகுடா நாடுகள்

சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆகிய ஆறு நாடுகளிலும் வேலை விசாவுக்கோ வசிப்பு அனுமதிக்கோ எச்.ஐ.வி. நெகட்டிவ் முடிவு வேண்டும். புறப்படும் முன் வளைகுடா சுகாதார மன்றம் அங்கீகரித்த கூடத்தில் பரிசோதனை நடக்கும். ஊரில் இன்றும் ‘காம்கா மெடிக்கல்’ என்றே சொல்கிறார்கள். இப்போது பதிவெல்லாம் அந்த மன்றத்தின் வாஃபித் இணையதளம் வழியாக. கத்தாருக்குச் செல்பவர்களுக்குச் சென்னையிலும் கொழும்பிலும் உள்ள கத்தார் விசா மையத்திலேயே மருத்துவச் சோதனையும் கைரேகைப் பதிவும் முடிந்துவிடுகின்றன. எச்.ஐ.வி.யோடு மஞ்சள் காமாலை பி, சி வகைகளும் காசநோயும் மேகநோயும் (சிபிலிஸ்) பார்க்கப்படும். சென்று இறங்கிய பிறகு சவூதியின் வசிப்பு அட்டையான இகாமாவோ எமிரேட்ஸ் அடையாள அட்டையோ பெறுவதற்கு அங்கே மீண்டும் ஒரு சோதனை உண்டு.

இந்த இரண்டாம் சோதனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். “காசு கொடுத்தால் ஃபிட் சான்றிதழ் வாங்கித் தருகிறேன்” என்றோ, “உனக்குப் பதில் வேறொருவனின் ரத்தத்தைக் கொடுத்துவிடலாம்” என்றோ சொல்லும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். இங்கே எப்படியாவது தாண்டிவிட்டாலும் அங்கே இறங்கிய சில நாள்களிலேயே உண்மை தெரிந்துவிடும். அப்போது கடன் வாங்கிக் கொடுத்த பணம் போய், போலிச் சான்றிதழ் கொடுத்த குற்றமும் தலையில் ஏறி, வந்த விமானத்திலேயே திரும்பும் நிலை வரும்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே தெளிவுபடுத்த வேண்டும். எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி.) ஒழுங்காக எடுத்து வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்துவிட்டதால் விசா சோதனையிலும் நெகட்டிவ் என்றுதான் வரும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது தவறு. விசா சோதனை தேடுவது பெரும்பாலும் வைரஸுக்கு எதிராக உங்கள் உடல் உருவாக்கிய எதிரணுக்களை. அவை மருந்தினால் மறைவதில்லை. அதே போல, மருந்தைச் சில வாரம் நிறுத்தினால் முடிவு மாறும் என்ற பேச்சும் பொய். நிறுத்தியவருக்கு வைரஸ் மீண்டும் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாத வைரஸ் உருவாகவும் கூடும். உடன் மஞ்சள் காமாலை பி தொற்றும் இருப்பவர் கூட்டு மருந்தை நிறுத்தினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம். மெடிக்கலுக்காக ஒருநாள்கூட மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஆகவே, தொற்று இருப்பதை அறிந்த ஒருவர் வளைகுடா வேலைக்காக நிலத்தை அடகு வைப்பதையும் வட்டிக்கு வாங்குவதையும் நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன். அந்தக் கதவு இன்றைய சட்டப்படி மூடியிருக்கிறது. தன் நிலையை இன்னும் அறியாதவர்கள் செய்ய வேண்டியது, மெடிக்கல் முடிவு வரும்வரை முகவரிடம் பெரும் தொகை எதையும் கொடுக்காமல் இருப்பது. இந்தியாவில் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வேலைக்குச் செல்பவரிடம் 30,000 ரூபாய்க்கும் அதற்கான வரிக்கும் மேல் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. பதிவு எண்ணைக் கேட்டு, இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்த்து, கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். சுற்றுலா விசாவுக்கு ரத்தப் பரிசோதனை இல்லை என்பதைப் பயன்படுத்தி, விசிட் விசாவில் அனுப்பி அங்கே வேலை வாங்கித் தருவதாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். விசிட் விசாவில் வேலை செய்வதே குற்றம். அதை வேலை விசாவாக மாற்றும்போது அதே சோதனை காத்திருக்கிறது. உறவினரைப் பார்க்கச் சில வாரம் போய்வருவது மட்டும் வேறு விஷயம். அதற்குச் சோதனை கேட்பதில்லை.

ஏற்கெனவே அங்கே வேலை செய்பவர்கள்

வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் மருத்துவச் சோதனை வரலாம் என்பதால், பல ஆண்டுகளாக அங்கே இருப்பவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். பாசிட்டிவ் என்று அங்கேயே தெரியவந்தால் வழக்கமாக நடப்பது இதுதான்: தடுத்து வைப்பார்கள், விசாவை ரத்து செய்வார்கள், திருப்பி அனுப்புவார்கள். தன் துணியையும் சாமான்களையும் எடுத்துக்கொள்ளக்கூட அவகாசம் கிடைக்காமல் போகலாம். மீண்டும் அந்நாட்டுக்குள் நுழையத் தடையும் விழும்.

எனவே, விடுப்பில் ஊருக்கு வரும் ஒவ்வொரு முறையும் நம்பிக்கை மையத்தில் பரிசோதித்துக்கொள்வதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஊரிலேயே பாசிட்டிவ் என்று தெரிந்துவிட்டால் முடிவு உங்கள் கையில் இருக்கிறது. விசா காலாவதி ஆவதற்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று பாருங்கள். அடுத்த புதுப்பித்தலுக்கு முன் முறைப்படி ராஜினாமா கொடுத்து, ஒப்பந்தப்படி அறிவிப்புக் காலத்தை முடித்து, நிலுவைச் சம்பளத்தையும் பணிக்கொடையையும் வாங்கிக்கொண்டு, விசாவை ரத்து செய்துவிட்டுத் திரும்பலாமா என்று யோசியுங்கள். அமீரகத்தில் ஓராண்டு வேலை முடித்தவருக்கே பணிக்கொடை உரிமை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று அது கணக்கிடப்படுகிறது. பத்தாண்டு உழைத்த ஒரு கொத்தனாருக்கு அது சிறிய தொகை அல்ல. சட்டத்தின் கையில் பிடிபட்டு வெறுங்கையோடு வருவதற்கும், கணக்கு முடித்துக்கொண்டு தாமாக வருவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பணத்திலேயே அளக்கலாம்.

அதே வேளையில், தொற்று தெரிந்த பிறகு மருந்தே எடுக்காமல் இரண்டு ஆண்டுகளை அங்கே ஓட்டிவிடலாம் என்று எண்ணுவது உயிருக்கே ஆபத்து. இந்தியாவில் 2004 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. 2017 முதல், நோய் எதிர்ப்பு அணுக்களைக் காட்டும் சி.டி.4 அளவு எவ்வளவு இருந்தாலும், தொற்று உறுதியானவுடனேயே சிகிச்சை தொடங்கப்படுகிறது. முதலில் மருந்தைத் தொடங்குங்கள். திரும்பிப் போவதா, எத்தனை நாளுக்கு என்பதையெல்லாம் ஏ.ஆர்.டி. மைய மருத்துவரோடும் ஆலோசகரோடும் பேசிய பிறகு தீர்மானியுங்கள்.

சிங்கப்பூர், மலேசியா, ரஷ்யா

சிங்கப்பூர் 2015 ஏப்ரலில் குறுகிய காலப் பார்வையாளர்களுக்கான தடையை நீக்கியது. வேலை அனுமதியோ நீண்ட காலத் தங்கல் அனுமதியோ கேட்பவருக்கு எச்.ஐ.வி. பரிசோதனை தொடர்கிறது, பாசிட்டிவ் என்றால் அனுமதி கிடைப்பதில்லை. மலேசியாவில் ஃபோமேமா அமைப்பு வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குச் சோதனை நடத்துகிறது, அங்கேயும் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர் தகுதியற்றவர் என்று திருப்பி அனுப்பப்படுகிறார்.

ரஷ்யாவைத் தனியே குறிப்பிடக் காரணம், தமிழ்நாட்டிலிருந்து மருத்துவம் படிக்க அங்கே செல்லும் மாணவர்கள். மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதற்கான விசாவுக்கு எச்.ஐ.வி. நெகட்டிவ் சான்றிதழ் வேண்டும். கல்லூரிக் கட்டணத்தின் முதல் தவணையைக் கட்டிவிட்டுக் கடைசி வாரத்தில் இந்தச் சான்றிதழுக்காக ஓடும் குடும்பங்கள், வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். பிறவியிலேயே தொற்றுப் பெற்று, மருந்தோடு வளர்ந்து, நல்ல மதிப்பெண் எடுத்து நிற்கும் பிள்ளைகள் இன்று கல்லூரி வயதில் இருக்கிறார்கள். எந்த நாட்டில் படிப்பது என்று அவர்கள் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்துக்கு முன்பே விசா விதியைப் பார்க்க வேண்டியிருப்பது அநியாயம்தான். ஆனாலும் பார்த்தே ஆக வேண்டும்.

இத்தகைய சட்டம் எதிர்க்கப்படாமல் இல்லை. ரஷ்யப் பெண்ணை மணந்து, குழந்தையோடு அங்கே வாழ்ந்த உஸ்பெகிஸ்தான் நாட்டவரான கியூதின், எச்.ஐ.வி. காரணமாக வசிப்பு அனுமதி மறுக்கப்பட்டபோது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2011 மார்ச் 10 அன்று அந்த நீதிமன்றம், எச்.ஐ.வி. நிலையை மட்டும் வைத்து அனுமதி மறுப்பது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. 2015-இல் ரஷ்யாவின் அரசியல் சாசன நீதிமன்றமும், அங்கே குடும்பம் உள்ளவர்களைத் தொற்று ஒன்றையே காரணமாக்கி வெளியேற்றக் கூடாது என்றது. குடும்பம் அங்கே இல்லாத மாணவருக்கோ தொழிலாளிக்கோ அந்தத் தீர்ப்புகளால் பயன் குறைவு.

கனடா, ஆஸ்திரேலியா: செலவைக் கணக்கிடும் சட்டங்கள்

இந்த இரண்டு நாடுகளிலும் எச்.ஐ.வி. தொற்று என்பதற்காக மட்டும் கதவு மூடப்படுவதில்லை. உங்கள் சிகிச்சையால் பொதுச் சுகாதாரச் செலவு எவ்வளவு கூடும் என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. ஈழத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சென்று குடியேறிய குடும்பங்கள் இரு நாடுகளிலும் நிறைய இருப்பதால், துணையை அழைத்துக்கொள்ளும் விண்ணப்பங்களில் இது அடிக்கடி எழுகிறது.

கனடாவில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள, குடியேற்ற மருத்துவச் சோதனைக்கு உட்படுகிற அனைவருக்கும் 2002 முதல் எச்.ஐ.வி. சோதனை உண்டு. குடியேற்றச் சட்டத்தின் 38-ஆவது பிரிவு, மருத்துவ, சமூக சேவைகளின்மீது அளவுக்கு மீறிய சுமை ஏற்படுத்தக்கூடியவரை மறுக்க இடம் தருகிறது. அந்த வரம்பை 2018 ஜூனில் மூன்று மடங்காக உயர்த்தினார்கள். 2024-இல் அது ஆண்டுக்கு 26,220 கனடிய டாலர், ஐந்து ஆண்டுக்கு 1,31,100 டாலர் என்று இருந்தது, ஆண்டுதோறும் மாற்றப்படுகிறது. நீங்கள் எடுக்கும் மருந்து காப்புரிமை முடிந்த வகையாக இருந்தால் செலவு இந்த வரம்புக்குள் அடங்கிவிட வாய்ப்பு மிகுதி.

அதைவிட முக்கியமானது இது: கனடாவில் வாழும் கணவனோ மனைவியோ உடன்வாழும் துணையோ ஸ்பான்சர் செய்பவருக்கும், அவர்களைச் சார்ந்த பிள்ளைகளுக்கும், அகதி என ஏற்கப்பட்டவருக்கும் இந்தச் செலவுக் கணக்கே பொருந்தாது. திருமணமாகி டொரொண்டோவுக்குப் போக வேண்டிய ஒரு பெண் இந்த ஒரு வரியை அறியாமல் அஞ்சி விண்ணப்பத்தையே கைவிட்டுவிடக் கூடாது. ஒன்றை மட்டும் அவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். துணை ஸ்பான்சர் செய்யும் விண்ணப்பத்தில் எச்.ஐ.வி. உறுதியானால், அதை ஸ்பான்சருக்குத் தெரிவிக்கும் நடைமுறையும் அங்கே இருக்கிறது. ஆகவே கணவரிடம் தாமே, ஆலோசகரின் உதவியோடு, முன்பே பேசிவிடுவது அலுவலகக் கடிதம் பேசுவதைவிட எவ்வளவோ மேல்.

வேலைத் திறன் அடிப்படையில் விண்ணப்பிப்பவருக்குச் சுமை அதிகம் என்று அதிகாரி கருதினால், உடனே மறுக்காமல் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் அனுப்புவார். அந்தக் கடிதம் வந்தவுடன் மனம் உடைந்துவிட வேண்டாம். அது மறுப்பு அல்ல. குறிப்பிட்ட காலக்கெடுவுக்குள், நீங்கள் இப்போது எடுக்கும் மருந்தின் பெயர், அது நிலையாக வேலை செய்கிறது என்பதற்கான வைரஸ் அளவு அறிக்கைகள், நீங்கள் குடியேறப் போகும் மாகாணத்தில் அதே மருந்தின் உண்மை விலை, வேலை தருபவரின் காப்பீடு எவ்வளவைச் சுமக்கும் என்பதற்கான சான்று ஆகியவற்றைச் சேர்த்துப் பதில் அனுப்ப வேண்டும். பொதுவான கெஞ்சல் கடிதம் பயன்படாது, எண்கள்தான் பேசும். உரிமம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞருக்குச் செலவிட வேண்டிய கட்டம் இதுவே.

ஆஸ்திரேலியாவில் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கும் 15 வயது நிரம்பியவர்களுக்கும், மருத்துவர், செவிலியர் போன்ற பணிகளுக்குத் தற்காலிகமாக வருபவர்களுக்கும் எச்.ஐ.வி. சோதனை உண்டு. எதிர்பார்க்கப்படும் செலவு 2024 ஜூலை முதல் 86,000 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டினால் அது பெருஞ்செலவு என்று கொள்ளப்படுகிறது. இங்கே விசாவின் வகை மிக நுட்பமான வேறுபாட்டை உண்டாக்குகிறது. துணை விசாவிலும் முதலாளி ஸ்பான்சர் செய்யும் சில விசாக்களிலும், வரம்பைத் தாண்டினாலும் விலக்கு கேட்க இடம் உண்டு. குடும்பப் பிணைப்பு, வேலைத் திறன், துணைக்கு ஏற்படும் இழப்பு ஆகியவற்றை எடுத்துச் சொல்லலாம். ஆனால் புள்ளிகள் அடிப்படையிலான 189, 190 விசாக்களில் அந்த விலக்கு இல்லை. ஆகவே ஒரே தகுதியுள்ள ஒரு மென்பொருள் பொறியாளர், 189-க்குப் பதில் விலக்கு உள்ள முதலாளி வழியைத் தேர்ந்தெடுத்தால் முடிவே மாறக்கூடும். விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இந்த விசாவில் மருத்துவ விலக்கு உண்டா?” என்பதாக இருக்கட்டும்.

இரு நாடுகளின் படிவங்களிலும் நேராகக் கேட்கப்பட்ட கேள்விக்குப் பொய் எழுதாதீர்கள். கனடாவில் உண்மையை மறைத்தது தெரிந்தால் ஐந்து ஆண்டுத் தடை. ஆஸ்திரேலியாவில் மூன்று ஆண்டு. தொற்று காரணமாக மறுக்கப்படாதிருந்திருக்கக் கூடிய விண்ணப்பம் பொய் காரணமாக மறுக்கப்படுவது பெரும் துயரம்.

கேட்காத, தடுக்காத நாடுகள்

அமெரிக்காவில் 2010-க்குப் பிறகு குடியேற்ற மருத்துவச் சோதனையில் எச்.ஐ.வி. இல்லை. பிரிட்டனில் எந்த விசாவுக்கும் எச்.ஐ.வி. சோதனை கேட்பதில்லை, ஆறு மாதத்துக்கு மேல் தங்கச் செல்லும் இந்தியருக்கும் இலங்கையருக்கும் காசநோய்ச் சோதனை மட்டும் உண்டு. இங்கிலாந்தில் 2012 அக்டோபர் முதல் குடியேற்ற நிலை எதுவாயினும் எச்.ஐ.வி. சிகிச்சை இலவசம். நியூசிலாந்து 2021-இல், பெருஞ்செலவு தரும் நோய்களின் பட்டியலிலிருந்து எச்.ஐ.வி.யை நீக்கிவிட்டது. வெளிநாட்டுப் படிப்பையோ செவிலியர் பணியையோ எண்ணிக்கொண்டிருக்கும், தொற்றுடன் வாழும் இளைஞர்கள் முதலில் பார்க்க வேண்டியவை இந்த நாடுகளே.

மருந்தை எடுத்துச் செல்வது

கூட்டு மருந்தைக் கைப்பையில் வையுங்கள். விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் வைத்தால், பெட்டி தொலையும் நாளில் மருந்தும் தொலையும். மாத்திரைகளை அவை வந்த டப்பாவிலேயே வைத்து, மருத்துவரின் சீட்டும் ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் கூடவே இருக்கட்டும். கடிதத்தில் நோயின் பெயரை எழுத வேண்டியதில்லை. ‘நாள்பட்ட நோய்க்காக இவர் தொடர்ந்து எடுக்க வேண்டிய மருந்து’ என்று எழுதி மருந்துப் பெயர்களைக் குறித்தால் போதும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். தங்கும் நாள்களோடு இன்னும் பதினைந்து நாளுக்கான மாத்திரையைச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள். நீண்ட பயணம் என்று முன்கூட்டியே சொன்னால் ஏ.ஆர்.டி. மையத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மாத மருந்து கேட்டுப் பெற வழி உண்டு. துபாய் நேரம் நம் நேரத்தைவிட ஒன்றரை மணி பின்தங்கியிருப்பதால் இரவு ஒன்பது மணி மாத்திரையை அங்கே ஏழரைக்குப் போட்டால் கணக்குத் தவறாது. லண்டன், டொரொண்டோ போன்ற தூரங்களுக்கு நேரத்தை எப்படி நகர்த்துவது என்று கிளம்பும் முன் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். தடை உள்ள நாட்டில் இருப்பவருக்குக் கூரியரில் மருந்து அனுப்புவது வேண்டாம். சுங்கத்தில் பிரிக்கப்படும் ஒரு பொட்டலம் அவருடைய வேலையையே பறித்துவிடலாம்.

நிரந்தரமாகக் குடியேறுபவர்கள் தங்கள் மையத்திலிருந்து இடமாற்றக் கடிதத்தையும், முதல் பரிசோதனை முதல் கடைசி வைரஸ் அளவு வரையிலான சுருக்கத்தையும், இதுவரை எடுத்த எல்லா மருந்துகளின் பெயர்களையும் வாங்கிக்கொண்டு செல்ல வேண்டும். புதிய மருத்துவர் எந்த மருந்து வேலை செய்தது, எது செய்யவில்லை என்று அறியாமல் தொடங்கினால் இழப்பு உங்களுக்கே.

திருப்பி அனுப்பப்பட்டால்

அங்கே தடுத்து வைக்கப்பட்டால் இந்தியத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி என்றொரு நிதி இருக்கிறது. இக்கட்டில் இருப்பவரின் விமானக் கட்டணத்துக்கு அதிலிருந்து உதவலாம். வெளியுறவு அமைச்சகத்தின் மதாத் தளத்தில் குடும்பத்தினர் இங்கிருந்தே புகார் பதியலாம். தமிழ்நாட்டினருக்கு அயலகத் தமிழர் நலத் துறையும், இலங்கையருக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் அணுகத்தக்கவை. புகாரில் ‘மருத்துவக் காரணத்தால் விசா ரத்து’ என்று எழுதினால் போதும், எச்.ஐ.வி. என்று எழுத வேண்டிய கட்டாயம் எங்கும் இல்லை. கேட்க வேண்டியது நிலுவைச் சம்பளம், பணிக்கொடை, பாஸ்போர்ட், சாமான்கள். விமானம் ஏறுவதற்கு முன் வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். படிக்கத் தெரியாத அரபுத் தாளுக்குக் கையெழுத்திட்டே ஆக வேண்டும் என்றால் அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்த பிறகு நம்பிக்கை மையத்தில் மீண்டும் பரிசோதனை செய்து தொற்றை உறுதிப்படுத்துவார்கள். வெளிநாட்டு அறிக்கையை மட்டும் நம்பி எவரும் மருந்து தொடங்க மாட்டார்கள். உறுதியானால் அன்றோ அடுத்த சில நாள்களிலோ கூட்டு மருந்து கிடைத்துவிடும். மனைவியோ கணவனோ இருந்தால் அவருக்கும் பரிசோதனை தேவை. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்கள், ஆலோசகரை உடன் வைத்துக்கொண்டு பேசலாம். “ஏன் ரெண்டு வருசம் முடியாம வந்துட்டே?” என்று ஊர் கேட்கும். கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை அறியும் உரிமை ஊருக்கு இல்லை.